மாதிரி வாய்

குஷன்காரரின் வாய் ஊரறிந்த வாய். முகம் அப்படியல்ல. தெருவில் நடந்து போனால் அவரை நிறுத்தி நலம் விசாரிக்க ஆளில்லை. ஆனால் அவருடைய வாய் ஒட்டப்படாத சுவர் அந்த நகரத்தில் எங்கேயும் இல்லை. மருத்துவமனை வாசல், பள்ளிக்கூடச் சுவர், பஸ் ஸ்டாப், பொதுக் கழிப்பறைக் கதவு என்று எங்கே திரும்பினாலும் மேலுதட்டிலிருந்து கீழுதடு வரை ஆள் உயரத்துக்கு 'ஆ' என்று திறந்துகிடக்கும். அதன் கீழே, 'இதுதான் வாய். உங்கள் வாய் இப்படி இருக்கிறதா?' என்று வாய்நல இயக்ககம் பெரிய எழுத்தில் கேட்டிருக்கும். பார்ப்பவர்கள் தங்கள் வாயையும் பார்த்துக்கொள்ள வசதியாக ஒரு சின்னக் கண்ணாடியைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். சங்கிலி கண்ணாடிக்காகத்தான், திருடிவிடுவார்களாம்.

ஒரு சாதாரண மனிதரின் வாய்க்கு இவ்வளவு பெரிய பதவி எப்படிக் கிடைத்தது? நாற்காலியால் கிடைத்தது.

வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இயக்ககத்தைத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழியையும் யோசித்தார்கள். நல்ல வாய் ஒன்றைப் படம் எடுத்து ஊரெல்லாம் ஒட்டிவிட வேண்டியது. மக்களை வரிசையில் நிறுத்தி அவர்கள் வாயை அதோடு ஒப்பிட வேண்டியது. ஒத்துப்போனால் வீட்டுக்கு, ஒத்துப்போகாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு. இதற்கு டாக்டர் எதற்கு, கண் இருந்தால் போதாதா? அந்த நல்ல வாயைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். குழு வருடக்கணக்கில் உட்கார்ந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலிகளின் குஷன் கிழிந்ததுதான் மிச்சம். அதைத் தைக்க வந்தவர்தான் நம்மவர்.

அன்றைக்குள் படம் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்ற நிலை. ஏற்பாடு செய்திருந்த விளம்பர நடிகை வரவில்லை. போட்டோகிராபர் கேமராவை மாட்டிக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூலையில் அவருடைய நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு குஷன்காரர் மண்டியிட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் சின்ன ஆணிகளை வாயில்தான் வைத்துக்கொள்வார்கள். இடது கன்னத்தில் ஒதுக்கிவைத்த ஆணியை நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். சுத்தியல் வந்து அதை வாங்கிக்கொள்ளும். இடது கன்னம் இப்படித் தொழிலுக்கு. வலது கன்னம் புகையிலைக்கு. இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து இந்தப் பாகப்பிரிவினை மாறியதில்லை.

இயக்குநர் நின்றுவிட்டார்.

"என்னய்யா வாய் இது! இத்தனை ஆணியை வெச்சுக்கிட்டு ஒரு கீறல் கூட இல்லாம வேலை செய்யுதே! எங்க, திற பாப்போம்."

குஷன்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். புகையிலையை ஜன்னலோரப் பூந்தொட்டியில் துப்பினார். கொப்பளித்துவிட்டு வந்து திறந்தார். நாலு விரலை அடுக்கி உள்ளே விடலாம், அவ்வளவு அகலம்.

"அடடா! கேமராவுக்குன்னே செஞ்ச வாய்யா இது. எடுங்க, எடுங்க" என்றார் இயக்குநர்.

போட்டோகிராபர் எடுத்தார். சாயங்காலம் குழு கூடி, ஒருமனதாக அதைத் தேர்ந்தெடுத்து, கைதட்டிக் கலைந்தது. குழுவில் ஒரு பல் டாக்டராவது இருந்திருப்பாரே என்று நினைப்பீர்கள். இருந்தார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் மற்றவர்களின் கருத்தே தன் கருத்து என்று சொல்லிவிட்டார். குஷன்காரருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் 'வாய்' என்று மட்டும் பொறித்திருந்தது. பெயர் என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் கேடயத்தை வாங்கிச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, ஆணியைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு, இயக்குநரின் நாற்காலியை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"வீட்டுல ஒரு வார்த்தைக்குத் திறக்காத வாய் ஊரெல்லாம் திறந்து கெடக்கு" என்றாள் மனைவி.

"மாமா, இது சாதாரண விஷயமில்ல. சுவருக்கு இவ்வளவுன்னு வாடகை கேக்கணும்" என்றான் மைத்துனன். அவள் தம்பி. வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸில் வேலை. எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பான். இதுவரை எதுவும் பலித்ததில்லை.

வாடகை வரவில்லை. ஆனால் குஷன்காரருக்கு ஒரு தெம்பு வந்தது. முன்பெல்லாம் புகையிலைப் பொட்டலத்தின் மேலே அச்சடித்த எச்சரிக்கைப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் லேசாக உறுத்தும். இப்போது அது நின்றுபோனது. "இந்த ஊருக்கே என் வாய்தான்டி அளவுகோல். புகையிலை கெடுதல்னா என் வாயை எடுத்திருப்பாங்களா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, இன்னொரு சிட்டிகை கூடுதலாக ஒதுக்கிக்கொண்டார். இயக்ககம் அந்த வருடம் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட வைத்த ஆட்களின் எண்ணிக்கையை அறிவித்தபோது அதில் இவர் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரொட்டிக்கு வயது ஏறியது. வலது கன்னத்தின் உள்ளே, கீழ் ஈறு ஓரமாக, ஒரு எரிச்சல் தொடங்கியது. முதலில் காரம் பட்டால் எரிந்தது. பிறகு தண்ணீர் பட்டாலும் எரிந்தது. நாக்கால் தடவினால் அந்த இடம் சொரசொரவென்று தடித்திருந்தது. ஆணியைக்கூட சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து எடுக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைத்த அன்று மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வாயைப் பாத்து ஊரே சோதிச்சுக்குது. நீங்க போய்ச் சோதிச்சுக்கிட்டா என்ன கொறைஞ்சிடும்?"

அவள் சொன்னது நியாயமாக இருந்ததால் அவர் ஒப்பீட்டு நிலையத்துக்குப் போனார். நீளமான வரிசை. முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நின்றிருந்தார். மேசைக்குப் பின்னால் டார்ச்சும் மரக்குச்சியுமாக ஒரு பெண். பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் குஷன்காரரின் வாய். அவள் வாத்தியாரின் வாயைப் பார்ப்பாள், சுவரொட்டியைப் பார்ப்பாள், மறுபடி வாயைப் பார்ப்பாள்.

"சார், உங்களுக்கு வலது பக்கம் கீழ வெள்ளையா ஒண்ணு இருக்கணுமே?"

"எனக்கு அப்படி எதுவும் இருந்ததில்லையேம்மா" என்றார் வாத்தியார்.

"அதான் சொல்றேன். இல்ல. ஒத்துப்போகல."

அவர் மணிக்கட்டில் சிவப்புப் பட்டையைக் கட்டிப் பெரிய மருத்துவமனை வேனில் ஏற்றினார்கள். வாத்தியார் செல்போனில் வீட்டை அழைத்து, "பயப்படாத, ஆரம்பக் கட்டந்தானாம்" என்று அழுதார். குஷன்காரருக்கு மனம் கேட்கவில்லை. பாவம், நல்ல மனுஷன், இவருக்குப் போய் இப்படியா என்று இரக்கப்பட்டுக்கொண்டே வாயைத் திறந்தார்.

அந்தப் பெண் டார்ச்சை அடித்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, அப்படியே அச்சு அசலா இருக்கு! இவ்வளவு பொருத்தமான வாயை நான் பாத்ததே இல்ல. நூத்துக்கு நூறு. போய்ட்டு வாங்க."

"எரியுதேம்மா."

"எரிச்சல் போஸ்டர்ல தெரியாதுண்ணே" என்றாள் அவள், பரிவாகத்தான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் மனைவி காத்திருந்தாள். பஸ் வரத் தாமதமானது. சும்மா நிற்க முடியாத பெண். எங்கே அழுக்கைக் கண்டாலும் துடைத்துவிடுவாள். சுவரொட்டியில் வாயின் வலது ஓரத்தில் வெள்ளையாக எதுவோ ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கைத்துணியால் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. வாயைத் திறங்க."

நடுத்தெருவில் அவர் திறந்தார். அவள் வாய்க்குள் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"இது கறை இல்லீங்க. அப்பவே இருந்திருக்கு."

குஷன்காரர் தன்னுடைய ஆள் உயர வாயை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். புகையிலையை ஒதுக்கும் அதே இடத்தில் பால் சிந்திக் காய்ந்தது போல ஒரு வெள்ளைத் திட்டு. இத்தனை காலம் தினம் பார்த்த படம். பல் வரிசையைப் பார்த்துத்தான் பெருமைப்பட்டிருக்கிறார். ஒத்துப்போகிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் யாரென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாத்தியாரை ஏற்றிக்கொண்டு போன வேனும் நினைவுக்கு வந்தது. அவருக்குப் பயம் வந்தது. சாவைப் பற்றிய பயம்தான். வேறு எப்படியும் அதை அழகாகச் சொல்ல முடியாது.

மறுநாள் இருவரும் இயக்ககத்துக்குப் போனார்கள். துணை இயக்குநர் அவர்களை உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, சுவரில் மாட்டியிருந்த வாயையும் எதிரே இருந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார்.

"இங்க பாருங்க. மாதிரின்னா என்ன? எல்லா வாயையும் அதோட ஒப்பிடுவோம். அதை எதோட ஒப்பிடுறது? தராசுல போடுற படிக்கல்லையே கொண்டுவந்து இது எடை கம்மின்னு சொன்னா, நான் எதை வெச்சு நிறுத்துப் பாக்குறது? மாதிரியில குறை இருக்க முடியாது. குறை இருந்தா அது மாதிரியாவே ஆகியிருக்காது. ஆனா ஆயிடுச்சு. அதனால குறை இல்ல."

"சார், எரியுது. சாப்பிட முடியல. அந்த வெள்ளை நோயோட அறிகுறியா இருந்தா?" என்றாள் மனைவி.

"சரிம்மா, ஒரு பேச்சுக்கு அப்படியே வெச்சுக்குவோம். இந்த வாய் தப்புன்னா எத்தனை வாய் தப்பாகும்னு யோசிச்சீங்களா? நல்லாருக்குன்னு அனுப்பின அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு உங்களுக்கு நோய் இருக்கலாம்னு சொல்லணும். நிம்மதியாத் தூங்கிட்டிருக்காங்க. அவங்க நிம்மதியைக் கெடுக்கிறதுக்கா ஒரு சுகாதாரத் துறை? அதுவும் போக, எல்லாத்தையும் லேமினேஷன் பண்ணியாச்சு."

"அப்ப நான் என்ன சார் பண்றது?" என்று குஷன்காரர் கேட்டார்.

"பத்திரமா வெச்சுக்குங்க. அது இப்ப உங்க வாய் மட்டும் இல்ல" என்று எழுந்து நின்று கைகுலுக்கினார் துணை இயக்குநர். பேச்சு முடிந்துவிட்டது என்பது குஷன்காரருக்குப் புரிந்தது. வரும் வழியில் பழைய நாற்காலிகளில் ஒன்றின் குஷன் பிரிந்திருப்பதைப் பார்த்தார். கை தானாகப் போய் அதை அமுக்கிவிட்டு வந்தது.

தாழ்வாரத்தில் ஒரு டாக்டரம்மா எதிரே வந்தார். மருத்துவ இயக்ககத்தில் ஒரு டாக்டராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அவரை வைத்திருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவரைப் பார்த்ததும் நிறுத்தினார். ஜன்னலருகே கூட்டிப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னார். கையுறை போட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார், தாடைக்குக் கீழே கழுத்தை அமுக்கிப் பார்த்தார். சுவரொட்டிப் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை.

"எத்தனை நாளா ஆறாம இருக்கு?"

"கணக்கு வெக்கலம்மா. மாசக்கணக்குல இருக்கும்."

"ரெண்டு வாரத்துக்கு மேல ஒரு புண்ணு ஆறலன்னாலே காட்டணும்யா. வெள்ளைத் திட்டோ செவப்புத் திட்டோ இருந்தாலும், வாய் திறக்கிறது கொறைஞ்சுக்கிட்டே வந்தாலும் காட்டணும். உடனே ஒரு சின்னத் துண்டு எடுத்து பயாப்சி பாக்கணும். புகையிலையை இந்த நிமிஷமே விடணும். ஆரம்பத்துல பிடிச்சா நல்லாவே சரி பண்ணலாம். இப்பவும் வழி இருக்கு. ஆனா தள்ளிப்போடக் கூடாது."

இத்தனை சுவரொட்டி ஒட்டிய இடத்தில் வாயைப் பற்றி முதன்முதலாக ஒருவர் பேசியதை அன்றுதான் குஷன்காரர் கேட்டார். இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். டாக்டரம்மா தன் கைப்பட எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே வாசலிலேயே வாயைத் திறக்கச் சொன்னார்கள், ஒத்துப்போனது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போனால் என்ன என்று கேட்பீர்கள். போனார்கள். சுவரில் அந்த வாயை ஒட்டாத மருத்துவமனைக்கு உரிமம் கிடையாது. அங்கிருந்த டாக்டர் திறந்த வாயைப் பார்த்ததும் இவரை அடையாளம் கண்டுகொண்டு, ஓடி வந்து பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். கட்டணத்தில் சலுகையும் கொடுத்து, மாதிரி வாய்க்கு எதற்குச் சோதனை என்று அனுப்பிவிட்டார்.

டாக்டரம்மாவிடமே திரும்பினால் அவர் இல்லை. ஒத்துப்போன வாயைச் சந்தேகித்த குற்றத்துக்காக சுவரொட்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். பசை சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. எங்கோ தொலைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்றார்கள்.

வெள்ளைத் திட்டின் நடுவே புண் குழிந்தது. நாலு விரல் போன வாயில் இரண்டு விரல் போவதே பாடாயிற்று. மனைவி சாப்பாட்டைக் கூழாக்கிக் கொடுத்துவிட்டு, அவர் விழுங்குவதைப் பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த நாட்களில்தான் மைத்துனனின் மூளை வேலை செய்தது.

"மாமா, நான் புகையிலையைத் தொட்டதில்ல. என் வாய்ல ஒரு புள்ளி கெடையாது. அப்ப நான் போனா?"

அவன் போனான். அவன் வாயைப் பார்த்ததும் ஒப்பீட்டு நிலையமே கலங்கிவிட்டது. வெள்ளை இல்லை, கறை இல்லை, ஈறு வேறு ரோஜா நிறத்தில். மிகவும் முற்றிய நிலை என்று சொல்லி அன்றைக்கே சிவப்புப் பட்டை கட்டி, பெரிய மருத்துவமனையில் படுக்கை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். காலையில் பெரிய டாக்டர் வந்து துண்டு எடுப்பார் என்றார்கள். குஷன்காரரும் மனைவியும் நோயாளியோடு உடனிருப்பவர்களாக ஃபிளாஸ்கும் பையுமாக உள்ளே போனார்கள்.

அந்த வார்டு மாதிரி ஒரு வார்டை அவர்கள் பார்த்ததில்லை. படுக்கைகளில் எல்லாம் திடகாத்திரமான ஆட்கள், வெள்ளை வெளேர் என்று பல், பாட்டு கேட்டுக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரும் இருந்தார். சும்மா படுத்து எடை கூடியிருந்தார். கட்டிலுக்குக் கீழே, தாழ்வாரத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த உடனிருப்பவர்களில்தான் பலர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குறுக்குவழியை யோசித்தவன் தான் மட்டும் இல்லை என்று மைத்துனனுக்குப் புரிந்தபோது அவன் முகம் கொஞ்சம் வாடிப்போனது.

விடிந்ததும் சோப்பு நுரை போட்டுப் பட்டையைக் கழற்றினான். குஷன்காரரின் மணிக்கட்டில் மாட்டி, கட்டிலில் படுக்க வைத்து, கழுத்து வரை போர்த்திவிட்டான். "பத்து நிமிஷம் மாமா. துண்டை எடுத்துட்டா அப்புறம் அவங்களே விடமாட்டாங்க" என்றான். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய டாக்டர் வார்டின் மறுகோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டிலாக வந்துகொண்டிருந்தார். நாலு கட்டில் தாண்டினால் இவர்கள் முறை. குஷன்காரருக்கு வெகு நாளைக்குப் பிறகு ஒரு நம்பிக்கை வந்தது. ஒரு சின்னத் துண்டு. அவ்வளவுதான் அவர் கேட்டது.

அப்போது இயக்குநர் வந்தார்.

பின்னால் துணை இயக்குநர், பூங்கொத்து, பத்திரிகைக்காரர்கள், அந்தப் போட்டோகிராபர். அன்று இயக்ககத்தின் ஆண்டு விழாவாம். இயக்குநர் வார்டின் நடுவில் நின்று பேசினார்.

"பெருமையோட சொல்றேன். இந்த மருத்துவமனை தொடங்கின நாள்லேருந்து இங்க எடுத்த எந்த பயாப்சியிலயும் புற்றுநோய் இருந்ததில்ல! உலகத்துல எந்த மருத்துவமனையாவது இப்படிச் சொல்ல முடியுமா? இங்க படுத்த யாரும் இறந்ததில்ல. இறக்கிறவங்க எல்லாரும் வெளியில இருக்கிறவங்க. அவங்களை நாம ஏற்கெனவே ஆரோக்கியமானவங்கன்னு சொல்லியாச்சு, அதனால அது நம்ம கணக்குல வராது. ஒரு சிலர் கேக்குறாங்க, ஒத்துப்போற வாயையும் ஒரு தடவை டாக்டர் பாத்தா என்னன்னு. பாத்தா ஏதாவது தெரிஞ்சிடும். தெரிஞ்சா அப்புறம் யார் பொறுப்பு?"

கைதட்டினார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் சீட்டை வைத்துவிட்டுத் தட்டினார்கள்.

பூங்கொத்து கொடுக்க ஒரு நோயாளி தேவைப்பட்டார். மிகவும் முற்றியவர் யார் என்று இயக்குநர் விசாரித்தார். மைத்துனனின் கட்டிலைக் காட்டினார்கள். கூட்டம் முழுக்க அங்கே வந்து நின்றது. "எங்க, திறங்க பாப்போம்" என்றார் இயக்குநர்.

குஷன்காரர் முடிந்த மட்டும் திறந்தார். துணை இயக்குநர் கட்டிலில் தொங்கிய குறிப்பைப் படித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வாய்க்குள் டார்ச் அடித்தார்.

"சார்... ஒத்துப்போகுது!"

"என்ன சொல்றீங்க!"

"முற்றின கேஸ் சார், நேத்து துளிக்கூட வெள்ளையில்ல. இன்னைக்குப் பாருங்க, அதே இடத்துல, அதே அளவுல. சொல்லப்போனா மாதிரியைவிடக் கொஞ்சம் கூடுதலாவே இருக்கு."

"குணமாயிட்டார்!" என்று இயக்குநர் கூவினார். "நம்ம முதல் வெற்றி!"

"ஐயா, அது புண்ணு! அவரால விழுங்க முடியல! நல்லாப் பாருங்கய்யா!" என்று மனைவி கத்தினாள். "அம்மா சந்தோஷத்துல அழறாங்க, எழுதிக்குங்க" என்று இயக்குநர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

இதற்குள் பெரிய டாக்டரும் வந்து குனிந்து பார்த்துவிட்டார். படிப்பு முடித்து இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து அவர் நல்ல வாய்களையே வெட்டிக்கொண்டிருந்தவர். பாடத்தில் படித்ததை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறார். "சார், இது வந்து... இதுலதான் துண்டு எடுக்கணும்..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒரே கேள்வி. மாதிரியோட ஒத்துப்போகுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பெரிய டாக்டர் சுவரைப் பார்த்தார். குஷன்காரரைப் பார்த்தார். குஷன்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரொட்டிப் பிரிவில் இன்னும் இடம் காலியாக இருந்ததை டாக்டர் நினைத்திருக்கலாம்.

"ஒத்துப்போகுது சார்" என்றார் மெதுவாக.

"அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் பண்ணுங்க."

போட்டோகிராபர் வாயருகே கேமராவைக் கொண்டுவந்தார். உள்ளே பார்த்ததும் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "சார், இந்த வாயை நான் எடுத்திருக்கேன். முன்ன இப்படி இல்ல" என்றார். "முன்ன இருந்ததைவிட நல்லாருக்குன்னு சொல்றார்" என்று துணை இயக்குநர் விளக்கினார். கேமரா பளிச்சிட்டது. பட்டையை வெட்டி எடுத்தார்கள். பூங்கொத்தைக் கையில் கொடுத்து, குணமானவர் நடக்கக் கூடாது என்று சக்கர நாற்காலியில் வைத்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த நாற்காலியின் குஷனும் கிழிந்திருந்தது.

புதிய சுவரொட்டி சீக்கிரமே வந்தது. அதில் இரண்டு வாய். இடது பக்கம், 'சிகிச்சைக்கு முன்': ஒப்பீட்டு நிலையத்தில் எடுத்த மைத்துனனின் வாய், பளபளவென்று. வலது பக்கம், 'சிகிச்சைக்குப் பின்': குஷன்காரரின் வாய், நடுவில் குழிந்த புண்ணோடு. மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று தன் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டான்.

பஸ் ஸ்டாப்பில் மனைவியும் அவரும் நின்றார்கள். பக்கத்து நகரத்தில் சுவரொட்டி இன்னும் போய்ச் சேராத ஒரு ஆஸ்பத்திரி இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டுப் போய், ஒட்டி முடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அருகே ஒரு சுமைதூக்கும் ஆள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, சங்கிலிக் கண்ணாடியை இழுத்துப் பிடித்து, உதட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். திடீரென்று சிரித்தார்.

"எனக்கும் வந்துடுச்சு! பாருங்க பெரியவரே, இந்த ஓரத்துல வெள்ளையா! அப்ப எனக்கு ஒண்ணுமில்ல, இல்லையா?"

குஷன்காரர் அந்த ஆளைத் தோளில் பிடித்து நிறுத்தினார். சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. தொண்டையிலிருந்து வந்த சத்தம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. வாழ்த்துகிறார் என்று நினைத்து அந்த ஆள் தலையாட்டினார்.

"அது நோய் தம்பி. இவருக்கும் அப்படித்தான் தொடங்குச்சு. இந்தப் படமே இவர்தான். புகையிலையை விட்டுடு, உடனே போய்க் காட்டு. இப்பப் பாத்தா சரியாயிடும்" என்றாள் மனைவி.

அந்த ஆள் படத்தைப் பார்த்தார், குஷன்காரரைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே போட்டார்.

"காட்டுறேம்மா. இன்னைக்கே போறேன். எங்க போய்க் காட்டணும்? சொல்லுங்க."

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் மனைவியைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள். சுமைதூக்கும் ஆள் ஏறவில்லை. அவர்கள் சொல்லப்போகும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.